ராதாவுக்குக் கிடைத்த வைத்தியம்

இதனால் உலகெங்கும் பரந்து வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கும், குறிப்பாக மெல்பேர்ன் மாநகரின் தென்கிழக்குத் திசை வாழ் மக்களுக்கும் அறியத்தருவது யாதெனில்: கிரான்பர்ன் தமிழ் மூத்தோர் பேரவையின் ஸ்தாபகரும், மாற்றமுடியாத தலைவரும், இலங்கை நில அளவைத் திணைக்களத்தின் முன்னாள் அத்தியட்சகருமாகிய திருவாளர் ஈஸ்வரமூர்த்தி அவர்கள் பேத்தி கண்டார்.

பேத்தியைப் பெற்றவள் அவருடைய மகள் விமலா. அந்த விபரம் அறிவித்தலில் இல்லை. நீளம் கருதி விடப்பட்டது என்று பிறகு விளக்கம் தரப்பட்டது.

அறிவித்தல் அவர் நினைத்த நேரத்தில் வெளிவரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளை ஓகஸ்ட் கடைசியில் பிறக்கும் என்று பேரவையின் செய்திமடலில் அச்சடித்து விநியோகித்தாயிற்று. வரவேற்பு உபகுழுவும் போட்டாயிற்று. அங்கத்தவர்களைவிடப் பதவிகள் அதிகமுள்ள சங்கத்தில் உபகுழு போடுவது சிரமமில்லை. பிள்ளையோ 2008 ஜூன் மாதக் குளிரில், பத்துக் கிழமை முந்தி, ஒரு உபகுழுவையும் கலந்தாலோசிக்காமல் வந்து சேர்ந்துவிட்டாள். ஒரு கிலோச் சீனிப் பையைவிடக் கொஞ்சம் கூடின நிறை. வந்தவளை நேரே கொண்டுபோய்ச் சூடான கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் வைத்து, மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு வயர், நெஞ்சில் இன்னும் சில வயர்கள் என்று பூட்டிவிட்டார்கள்.

பெயர் விஷயத்திலும் தலைவருக்குத் தோல்விதான். செந்தமிழ்ப்பூங்கோதை என்று அவர் ஆறு மாதமாக யோசித்து வைத்திருந்தார். பெட்டியில் ஒட்டுகிற அட்டை உள்ளங்கையளவுதான். விமலா அதில் ராதா என்று எழுதிவிட்டாள். "எழுதினாப் பிறகும் இடம் மிச்சம் அப்பா," என்றாள்.

ஈஸ்வரமூர்த்தி மனைவி போன பிறகு மகளோடும் மருமகன் இந்திரகுமாரோடும் கிரான்பர்னில் இருக்கிறவர். பகலில் பேசுவதற்கு வீட்டில் ஆள் கிடையாது. பேரவையை அவர் தொடங்கியதற்கு அறிவிக்கப்பட்ட காரணங்கள் பதினொன்று உண்டு. உண்மைக் காரணம் இதுதான். மேடை கிடைக்காத நாளில் அவர் கடிதம் போட வரும் ஆளையும் மறித்து வைத்துப் பேசுவார். ஆள் கெட்டவர் இல்லை. மௌனத்தைக் கண்டால் அதை நிரப்பவேண்டும் என்று நினைக்கிறவர். அவ்வளவுதான்.

முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு அவர் தனியே வரவில்லை. பேரவையின் செயலாளர் சேஷாத்ரி, பொருளாளர், இரண்டு உபதலைவர்கள் என்று ஒரு தூதுக்குழு கீழே கோப்பிக் கடைக்குப் பக்கத்தில் நின்றது. வோர்ட்டுக்குள் தாய் தகப்பனையும், பேரன் பேத்தி கண்டவர்களையும் மட்டும்தான் விடுவார்கள் என்று நேர்ஸ் சொல்ல, சேஷாத்ரி, "பரவால்ல சார், நாங்க இங்கிருந்தே வாழ்த்திக்கிறோம்," என்று லிஃப்டைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஈஸ்வரமூர்த்தி நேர்ஸ் சொன்னபடி முழங்கை வரை கையைக் கழுவினார். இரண்டு தரம் கழுவினார். பிறகு அந்தக் கழுவின கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, கேரம் டவுன்ஸ் கோயிலில் இருந்து கொண்டுவந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். நேர்ஸ் அடுத்த பெட்டிக்குத் திரும்பியிருந்தாள். பெட்டியின் பக்கத்தில் கை விடுகிற வட்டத் துவாரம் இருந்தது. அதைத் திறந்து, "வருக வருக, எங்கள் குலக்கொடியே," என்று தொடங்கி, பிள்ளையின் உள்ளங்காலைச் சுட்டுவிரலால் தடவினார்.

பத்துக் கிழமை முந்தி வந்த பிள்ளைக்குத் தடவல் என்பது நாங்கள் நினைக்கிற தடவல் இல்லை. தோலுக்கு அது பெரிய செய்தி. கூடவே சபைக் குரலில் ஒரு வரவேற்புரையும். ராதாவின் முகம் சுருங்கிற்று, நிறம் மாறிற்று, மூச்சு எடுக்க மறந்துபோனாள். மேலே இருந்த மெஷின் கத்தத் தொடங்கியது. நேர்ஸ் வந்து, அவரைத் தோளால் ஒதுக்கி, பிள்ளையின் முதுகில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினாள். ராதாவுக்கு மூச்சு ஞாபகம் வந்தது. மெஷின் அடங்கியது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்.

ஈஸ்வரமூர்த்தியின் விரல் மட்டும் நெடுநேரம் அந்தரத்தில் நின்றது.

"அப்பா," என்றாள் விமலா. சத்தம் போடவில்லை. வயிற்றில் தையலோடு சக்கர நாற்காலியில் இருந்தவளுக்குச் சத்தம் போடவும் ஏலாது. "நீங்கள் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அங்கால இருங்கோ. அங்க ஒரு கதிரை கிடக்கு."

"நான் தூக்கக்கூட இல்லைப் பிள்ளை. தொட்டுத்தான் பார்த்தனான்."

"அதுதான் அப்பா. தொடவும் வேண்டாம். கதைக்கவும் வேண்டாம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"அவளுக்குப் பால் இறங்கட்டும். வீட்டை வரட்டும். பிறகு தூக்கி வைச்சிருங்கோ."

தலைவர் கதவுக்கு அங்கால போனார். இனி அவருடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். அந்தப் பிள்ளையை ஒரு தரம் கையில் வாங்கவேண்டும். பேரவைக்குச் சொந்தக் கட்டடம், மணிவிழா மலர், கௌரவப் பட்டம் எல்லாம் அன்றைக்கே இரண்டாம் பட்சமாகிவிட்டன.

ஆனால் பால் இறங்கவில்லை. மூக்குக் குழாய் வழியாகத் துளித் துளியாக விடுவார்கள். வயிறு மத்தளம் மாதிரி வீங்கும். நிறுத்துவார்கள். மறுநாள் திரும்பத் தொடங்குவார்கள். மறுபடியும் வயிறு. விமலா மெஷினில் பால் எடுத்துச் சின்னப் போத்தல்களில் பெயரெழுதிக் குளிர்ப்பெட்டியில் அடுக்குவாள். அடுக்கு உயர்ந்துகொண்டு போனது. குடிக்க வேண்டியவளின் நிறை உயரவில்லை. பால் இறங்கினால் வீடு. இறங்காவிட்டால் பெட்டி. டொக்டர்மார் பொறுமையாக இருங்கள் என்றார்கள். ஈஸ்வரமூர்த்தி வாழ்க்கையில் பொறுமை பற்றி நிறையப் பேசியிருக்கிறார்; பழகியதில்லை.

அப்படியொரு நாளில்தான் பீட்டர் வந்தான். மலேசியாவில் ஈப்போ பக்கத்துப் பிள்ளை. மெல்பேர்னுக்குப் படிக்க வந்து, படித்து முடித்து, இங்கேயே தங்கிவிட்டவன். ஒஸ்டியோபத். மருந்தும் ஊசியும் இல்லாமல் கையாலேயே உடம்பின் இறுக்கங்களைப் பார்த்து இளக்குகிற தொழில். ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சிக்காக அவனைச் சேர்த்திருந்தார்கள். விமலாவையும் இந்திரகுமாரையும் ஒரு சின்ன அறையில் இருத்தி விளக்கம் சொல்ல வந்தான். அழைக்காமலே ஈஸ்வரமூர்த்தியும் ஒரு கதிரையில் இருந்தார்.

"தம்பி எவடம்?"

"ஈப்போ, அங்கிள்."

"டொக்டரோ?"

"இல்லேங்க. ஒஸ்டியோபத்."

"உதுக்கு எத்தினை வருசம் படிப்பு?"

"அஞ்சு வருஷம் அங்கிள்."

"அஞ்சு வருசமோ. அப்ப டொக்டர்தான்," என்று ஈஸ்வரமூர்த்தி அந்த இடத்திலேயே பட்டத்தை வழங்கினார்.

பீட்டர் சிரித்துவிட்டு விமலாவைப் பார்த்துச் சொன்னான். "சில குழந்தைங்கள மெதுவா தொட்டுப் பார்ப்பேன் அக்கா. கழுத்து, நெஞ்சு, வயிறு, இடுப்பு. எங்க இறுக்கமா இருக்கோ அங்க விரலை வச்சுக்கிட்டுக் காத்திருப்பேன். ஒரு காசு வச்ச பாரம்தான், அதுக்கு மேல இல்ல. வயித்துக்கு, பால் செரிக்கிறதுக்கு இது உதவலாம்னு சொல்றாங்க. உதவுதா இல்லையான்னு இன்னும் சரியாத் தெரியாது. அதைப் பாக்கத்தான் இந்த ஆராய்ச்சி. அதனால மத்த குழந்தைங்க பக்கத்தில நான் அதே நேரம் சும்மா நிப்பேன், தொட மாட்டேன். திரை மூடியிருக்கும். எந்தக் குழந்தைக்கு எதுன்னு நேர்சுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. முடியிற வரைக்கும் நானும் சொல்லக் கூடாது."

எவ்வளவு தெளிவான விளக்கம். விமலாவுக்கு விளங்கியது. பேச்சுக் குறைந்தவனான இந்திரகுமாருக்கும் விளங்கி, "அப்ப எங்கட பிள்ளைக்குச் சும்மா நிக்கிறதும் கிடைக்கலாம்," என்றான். "ஆமா அண்ணே, கிடைக்கலாம்," என்றான் பீட்டர்.

ஈஸ்வரமூர்த்திக்குக் காது நன்றாகக் கேட்கும். கோளாறு காதில் இல்லை. மற்றவர்கள் பேசுகிற நேரத்தை அவர் தன்னுடைய பதிலைத் தயாரிக்கப் பயன்படுத்துகிறவர். அன்றைக்குக் 'கழுத்து, நெஞ்சு' வரை வந்தவர், அதோடு தனக்குள் போய்விட்டார். திரும்பி வந்தபோது பேச்சு தயாராக இருந்தது.

"தம்பி, கைராசி எண்டு ஒண்டு இருக்கு. எங்கட ஆக்கள் அதை எப்பவோ கண்டுபிடிச்சிட்டினம். வெள்ளைக்காரன் இப்பத்தான் ஆராயிறான். உம்மட கையைக் காட்டும்."

பீட்டர் காட்டினான். நீளமான, சுத்தமான விரல்கள்.

"இது வைத்தியக் கை," என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். விமலா சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தாள்.

கிழமைக்கு இரண்டு பின்னேரம் பீட்டர் வருவான். பெட்டியைச் சுற்றித் திரை இழுபடும். அந்த நேரத்தில் ரத்தம் எடுக்கிறவர் வரமாட்டார், எக்ஸ்ரே மெஷின் உருண்டு வராது, நேர்ஸ் கூட அவசரமில்லாமல் எட்டிப் பார்க்கமாட்டாள். அந்த மூலையே அடங்கிப்போகும். ஈஸ்வரமூர்த்திக்கு விமலா ஒரு சலுகை கொடுத்திருந்தாள்: வாய் திறப்பதில்லை என்றால் உள்ளே வந்து திரைக்கு இப்பால் இருக்கலாம். அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். இருமல் மட்டும் அவரை மீறி வந்தது. பேச்சு வெளியேற வழியில்லாமல் இருமலாக வந்ததென்று இந்திரகுமார் நினைத்தான், சொல்லவில்லை.

திரையின் அடியில் பீட்டரின் சப்பாத்துகள் தெரியும். கறுப்புச் சப்பாத்து. ஒன்றின் நாடா எப்போதும் அவிழ்ந்திருக்கும். தலைவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு அங்குலம் அசையாது.

"பார்த்தீரோ," என்றார் வெளியே வந்ததும் மருமகனிடம். "கால் அசையேல்லை. எவ்வளவு கவனம் எண்டு பாரும். முழுச் சக்தியும் கைக்குப் போகுது."

"ஓம் மாமா," என்றான் இந்திரகுமார். அவனுக்கு வேறு ஒரு சந்தேகம் வந்தது. அதையும் சொல்லவில்லை.

திரை விலகும்போதெல்லாம் தலைவர் எழுந்து நிற்பார். "தம்பி, கை என்ன சொல்லுது?"

"கை ஒண்ணும் சொல்லல அங்கிள்," என்பான் பீட்டர்.

"அடக்கம்," என்பார் தலைவர்.

ஜூலை நடுவில் ஒரு நாள் பால் தங்கியது. மறுநாளும் தங்கியது. வயிறு வீங்கவில்லை. துளியாகப் போன பால் கரண்டிக் கணக்காயிற்று. மூக்குக் குழாய் ஒரு பக்கம் இருக்க, ராதா விமலாவின் நெஞ்சில் வாயை வைத்து, இரண்டு தரம் உறிஞ்சி, களைத்து, அப்படியே நித்திரையாகிப்போனாள். அயர்லாந்திலிருந்து வந்த ஒரு வயதான நேர்ஸ், தலைவரை எப்போதும் டார்லிங் என்று கூப்பிட்டு அவருடைய கௌரவத்துக்கு ஊறு விளைவிக்கிறவள், அன்றைக்கு ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். அவர் அதை ஆட்சேபிக்கவில்லை. கை கழுவுகிற மருந்து கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு வெளியே போய்க் கனநேரம் நின்றார்.

ஏன் இறங்கியது என்று டொக்டரைக் கேட்டால், பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்றார். நேர்ஸைக் கேட்டால், தாய்ப்பால் என்றாள். தலைவர் யாரையும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

ஓகஸ்ட் கடைசியில், செய்திமடலில் அச்சடித்த அதே கிழமையில், ராதா வீட்டுக்கு வந்தாள். அதற்குள் பீட்டரின் கைகள் தென்கிழக்கு மெல்பேர்ன் முழுவதும் பிரசித்தமாகிவிட்டன. கோயில் மடப்பள்ளியில், பலசரக்குக் கடையில், செத்தவீட்டில் என்று தலைவர் போகுமிடமெல்லாம் அந்தக் கைகளும் போயின. "விரலை வைச்சான், வயிறு திறந்துது," என்பார். முழங்கால் நோகிறவர்கள் எல்லாம் அந்தப் பெடியனின் நம்பர் கேட்டார்கள்.

ஒன்று மட்டும் நடக்கவில்லை. பிள்ளையைத் தூக்கும் பாக்கியம். விமலா மறுக்கவில்லை, வாக்கை மறக்கவுமில்லை. கையில் கொடுத்தாள். கொடுத்த உடனே தலைவருக்கு உள்ளம் பொங்கும். பொங்கினால் பேச்சு. "எங்கள் குலக்கொடியே" என்று முதல் சொல் புறப்படும்போதே ராதாவின் இரண்டு கைகளும் விரிந்து துடிக்கும். இரண்டாம் சொல்லுக்கு அலறல். விமலா திரும்ப வாங்கிவிடுவாள்.

"மெதுவாக் கதையுங்கோ அப்பா."

"இதுதான் பிள்ளை என்ர மெது."

"அப்ப கதையாமல் பிடியுங்கோ."

"கதையாமல் எப்பிடிப் பிள்ளையோட இருக்கிறது? அவள் என்ன நினைப்பாள்?"

ஒவ்வொரு முறையும் இதே விவாதம். அவர் மௌனமாக இருக்க மெய்யாகவே முயன்றார். சில மூச்சுக்கள் வரை தாக்குப்பிடிப்பார். பிறகு அந்தச் சின்ன முகத்தைப் பார்த்ததும் வாழ்த்துரை தானாக வந்துவிடும். ஒக்டோபர் வரைக்கும் பேத்தியை அழாமல் ஒரு தரம் அவர் வைத்திருந்தது கிடையாது. இதைப் பேரவையில் யாருக்கும் சொல்லவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் பேரவையின் ஆண்டு மாலை. கிரான்பர்னில் ஒரு பொது மண்டபம். முக்கிய நிகழ்ச்சி, பீட்டருக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவித்தல். பீட்டர் பல தரம் வேண்டாமென்றான். நம் சபைகளில் வேண்டாமென்பதற்கு இன்னொரு தரம் கேளுங்கள் என்றுதான் அர்த்தம். அழைப்பிதழில் பெயர் அடித்த பிறகு ஆளுடைய சம்மதம் ஒரு சம்பிரதாயம் மட்டுமே. தலைவர் மூன்று வாரமாக உரை தயாரித்து, வீட்டில் உரத்து வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சி தொடங்க முன்னரே பீட்டர் வந்துவிட்டான். மண்டபத்துக் குசினியில் விமலா ஒரு கையில் ராதாவையும் மறு கையில் வடைத் தட்டையும் வைத்துக்கொண்டு நின்றாள். தலைவர் புது வேட்டி, பட்டுச் சால்வையோடு வடையின் தரத்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், மேடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"மேடையில சொல்லும் தம்பி. உமக்கு ஐஞ்சு நிமிசம் ஒதுக்கியிருக்கு."

"மேடையில சொன்னா உங்களுக்குத்தான் சங்கடம் லா." பீட்டர் குரலைத் தாழ்த்தினான். "ஆராய்ச்சி முடிஞ்சிருச்சு. இப்ப சொல்லலாம்னு விட்டுட்டாங்க. நான் ராதாவைத் தொட்டதே இல்ல அங்கிள்."

தலைவரின் வாயில் பாதி வடை இருந்தது.

"என்ன தம்பி சொல்லுறீர்?"

"சும்மா நிக்கிற குரூப்ல ராதா. முதல் நாளே சொன்னேனே, சில குழந்தைங்க பக்கத்தில சும்மாதான் நிப்பேன்னு."

"எப்ப சொன்னனீர்?"

"அண்டைக்கு அந்த அறையுக்கை எல்லாருக்கும் முன்னாலதான் சொன்னவர்," என்றாள் விமலா. "நீங்கள் உடன கைராசியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிட்டீங்கள்."

"உனக்குத் தெரியுமோ?"

"போன கிழமை ஆஸ்பத்திரியில இருந்து ஃபோன் எடுத்துச் சொன்னவை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ரெண்டு மூண்டு தரம் சொல்ல வெளிக்கிட்டனான். ஒவ்வொரு தரமும் நீங்கள் எனக்கு உரையை வாசிச்சுக் காட்டினீங்கள்."

ஈஸ்வரமூர்த்தி வடையை விழுங்கினார். முதலில் வந்தது வெட்கம். மடப்பள்ளி, பலசரக்குக் கடை, செத்தவீடு. முழங்கால் நோகிறவர்களின் நீண்ட வரிசை. வெளியே மண்டபம் நிரம்புகிற சத்தம் கேட்டது. அடுத்து வந்தது கோபம்.

"அப்ப என்ர பேத்திக்கு ஒரு வைத்தியமும் நடக்கேல்லையோ?"

"எல்லாம் நடந்துச்சு அங்கிள். டொக்டருங்க, நேர்சுங்க, அக்காவோட பால். நான் ஒருத்தன்தான் ஒண்ணும் செய்யல."

"அப்ப திரைக்குள்ள நிண்டு என்னதான் செய்தனீர்?"

"பாத்துக்கிட்டு நின்னேன்."

"சும்மாவோ?"

"சும்மாதான். கையைப் பின்னால கட்டிக்கிட்டு. எனக்கு அதுதான் கஷ்டம் அங்கிள், தொட்டே பழகின கை. ஒரு நாள் ராதா காலை நீட்டி அப்படியே உதைச்சா. அந்தக் காலைப் பிடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. பிடிக்கல. கொட்டாவி விடுவா, முகம் முழுக்க வாயாயிரும். தூக்கத்தில சிரிப்பு மாதிரி ஒண்ணு வரும். வெளிய நீங்க இருமுவீங்க, உடனே புருவத்தைச் சுருக்குவா."

"என்ர இருமலுக்கோ?"

"ஆமா. மத்தவங்க இருமினா ஒண்ணும் இல்ல. உங்க இருமல் அவளுக்குத் தெரியும்."

தலைவருக்குப் பதில் தயாராக இல்லை. அந்தக் குளிர்காலப் பின்னேரங்களில், பெட்டிக்குள் ஒரு பிள்ளை கிடக்க, வந்தவர்கள் எல்லாரும் ஊசியோடு வந்தார்கள், குழாயோடு வந்தார்கள், திருநீற்றோடு வந்தார்கள். இந்த ஒருவன் வெறுங்கையோடு வந்து, அந்தக் கையையும் கட்டிக்கொண்டு, அவளுடைய கொட்டாவியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். தான் பார்க்கவேண்டியதை எல்லாம் தனக்காகப் பார்த்து வைத்திருக்கிறான்.

"நாங்கள் ஆரும் அப்பிடி நிக்கேல்லைத் தம்பி," என்றார். "எல்லாரும் ஏதேன் செய்யத்தான் போனனாங்கள்."

பீட்டர் வடைத் தட்டைப் பார்த்தான்.

"நன்றி தம்பி," என்றார் ஈஸ்வரமூர்த்தி. அதற்குப் பிறகு ஏதாவது வருமென்று விமலாவும் பீட்டரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

அந்த நேரம் பார்த்து விமலாவின் சேலைக் குத்தூசி கழன்றது. ஒரு கையில் தட்டு, மறு கையில் பிள்ளை. "இஞ்ச, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ," என்று, எதை நீட்டுகிறோம் என்று யோசிக்காமல், கிட்ட இருந்த கைக்குள் ராதாவை வைத்துவிட்டுச் சேலையைப் பிடித்தாள்.

ராதா கண் விழித்தாள். பட்டுச் சால்வையைப் பார்த்தாள். மேலே இருந்த பெரிய முகத்தைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. ஈஸ்வரமூர்த்தி வாயைத் திறந்தார்; மூடினார். அவர் ஒன்றும் செய்யவில்லை. ஆட்டவில்லை, தட்டவில்லை, தடவவில்லை. அளந்து நட்ட எல்லைக் கல் மாதிரி நின்றார். சுருங்கின புருவம் மெதுவாக விரிந்தது. ஒரு கொட்டாவி. உண்மைதான், முகம் முழுக்க வாய். அப்புறம் அவருடைய சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டு, அவர் நெஞ்சில் கன்னத்தைச் சாய்த்தாள். அந்த நிறையை அவர் முதல் தரம் உணர்ந்தார்.

விமலா ஊசியைக் குத்தி முடித்துவிட்டுத் திரும்பினாள். கையை நீட்டப் போனவள், அப்படியே விட்டுவிட்டாள்.

சேஷாத்ரி வியர்த்துக்கொண்டு ஓடிவந்தார். "தலைவரே, மைக் ரெடி. மூணு தடவ உங்க பேரக் கூப்பிட்டாச்சு."

தலைவர் தலையை மட்டும் ஆட்டினார். இல்லை என்று.

"என்ன சார், உடம்புக்கு ஏதாவதா?" ஈஸ்வரமூர்த்தி மைக்கை மறுத்ததைச் சேஷாத்ரி கண்டதில்லை. அவருக்குத் தெரிந்த நோய் எதிலும் இந்த அறிகுறி இல்லை. "நெஞ்சு வலிக்குதா? டொக்டர் தம்பி, நீங்க பாருங்களேன்."

"அவருக்கு ஒண்ணும் இல்ல சார்," என்றான் பீட்டர். "நல்லாத்தான் இருக்கார்."

"அங்கிள்," என்றாள் விமலா, "அப்பா இப்ப வரமாட்டார். நீங்கள் நடத்துங்கோ."

சேஷாத்ரி பீட்டரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கதவு ஆடி மூடியது. மண்டபத்தில் கைதட்டல் எழுந்து அடங்கியது. குசினியில் ஈஸ்வரமூர்த்தி, பேத்தியின் மூச்சு தன் சட்டையில் படுவதைக் கவனித்துக்கொண்டு, கால் மாற்றாமல் நின்றார். கண்ணால் வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை. விமலா துடைத்துவிட்டாள்.

மேடையில் பீட்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் இல்லாத பதற்றத்தில் சேஷாத்ரி வாசித்தது போன வருடத்து நன்றியுரை. கார் நிறுத்துமிடத்தைக் கூட்டித் தந்தவர்களுக்கு அதில் நன்றி சொல்லியிருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை.